பன்னிரண்டு மணிக்கு முந்தைய காணிக்கை

எங்கள் சபையில் வருஷக் கடைசி ஆராதனை இரவு பத்தரைக்குத் தொடங்கும். நியூ ஜெர்சியில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு பிற்பகலில் தமிழில் ஆராதிக்கும் சிறு சபை எங்களுடையது. டிசம்பர் 31 அன்று மட்டும் இரவுக்கும் சாவி தருவார்கள். பாட்டு, சாட்சி, பிரசங்கம் எல்லாம் முடிந்து, பன்னிரண்டு அடிக்கும்போது எல்லாரும் முழங்காலில் இருப்போம். எழுந்து ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி, முன்னால் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். காணிக்கைப் பை அதற்குப் பிறகுதான் வரும். ஊரில் அப்படித்தான். புது வருஷத்தின் முதல் காசு கர்த்தருக்கு.

2003-ல் என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிழைப்புக்கு நான் பார்ப்பதும் கணக்கு வேலை. பிறருடைய வருமான வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது. அந்த டிசம்பரிலேயே எங்கள் போதகர் ஐயரிடம் போய், "காணிக்கையைப் பதினொன்றரைக்கே எடுத்துடலாங்களா ஐயா" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பன்னிரண்டுக்கு முன்னால் பையில் விழுந்தால் இந்த வருஷக் கணக்கு, பின்னால் விழுந்தால் அடுத்த வருஷக் கணக்கு, வரிக்கழிவு ஒரு வருஷம் தள்ளிப்போய்விடும் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிம்மா, செய்ங்க" என்றார். அந்த வருஷம் முதல் எங்கள் பை பதினொன்றரைக்குச் சுற்றி வருகிறது. நான் செய்தது சரிதானா என்ற கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. அந்தக் கேள்விதான் இந்தப் பழக்கத்தின் பழங்கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

நான் பிறந்தது ராணிப்பேட்டையில். அமெரிக்கச் சீர்திருத்த சபை நடத்திய ஆற்காடு மிஷன் ஊர்களில் ஒன்று. ஸ்கடர் குடும்பத்தார் 1866-ல் தொடங்கிய மருத்துவமனையில்தான் பிறந்தேன். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் வந்து, படியால் அளந்து வாங்கிப் போவார். விற்ற காசு கோவில் கணக்கில் ஏறும். பானையில் அரிசி குறைவாக இருந்த மாதங்களில் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்தக் கைப்பிடி அரிசிக்கு யாரும் ரசீது எழுதியதில்லை. இந்திய வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவு இருந்தது. ஆனால் வழிபாட்டு இடத்துக்குக் கொடுப்பது பொதுவாக அதில் சேராது. அரசு அறிவிக்கை செய்த புகழ்பெற்ற ஆலயங்களைப் புதுப்பிக்கக் கொடுப்பதற்கு மட்டும் சலுகை உண்டு. கணக்கு வருஷம் முடிவதும் மார்ச் 31-ல். டிசம்பர் காணிக்கைக்கும் வரிக்கும் முடிச்சுப் போட எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

அமெரிக்காவில் அந்த முடிச்சு விழுந்தது எப்போது? தொடக்கத்தில் கதை தலைகீழாக இருந்தது. ஆலயத்துக்குக் கொடுத்தால் வரி குறையும் என்பது பின்னால் வந்தது. அதற்கு முன் பல குடியேற்றங்களில் ஆலயத்துக்கே வரி கட்ட வேண்டியிருந்தது. போதகரின் சம்பளத்துக்காக ஊர் மக்களிடம் வசூலித்த அந்த வரியை மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாகக் கைவிட்டது மாசசூசெட்ஸ், 1833-ல். அரசு கையை எடுத்துக்கொண்டதும் சபைகள் தாமே பணம் திரட்ட வேண்டியதாயிற்று. அதற்கு அவை கண்ட வழி இருக்கை வாடகை. முன்வரிசைக்கு அதிக விலை, தூணுக்குப் பின்னால் குறைந்த விலை. புருக்லினில் ஹென்றி வார்டு பீச்சர் போதகராக இருந்த பிளிமத் ஆலயத்தில் ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் இருக்கைகளை ஏலம் விடுவார்கள். பத்திரிகைகள் அதைச் செய்தியாகவே போடும். ஏழைகள் பின்னால் உட்கார வேண்டியிருப்பதைப் பொறுக்காத சபைகள், இருக்கைகளை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டு வாராந்திரக் கவருக்கு மாறின.

அந்தக் கவர்தான் என்னை அதிகம் ஈர்த்தது. வருஷத்துக்கு 52 கவர்கள், ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் எண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரட்டைக் கவர் பரவியது. நடுவில் மடித்துத் தைத்தாற்போல் இரண்டு பைகள். ஒருபக்கம் உள்ளூர் ஆலயத்துக்கு, மறுபக்கம் மிஷனுக்கு. அயோவாவிலோ மிச்சிகனிலோ ஒரு விவசாயி மறுபக்கத்தில் போட்ட பத்து சென்ட்தான் கப்பலேறி ஆற்காட்டுக்கும் மதுரைக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியின் சுவர் அப்படிப்பட்ட காசுகளால் எழுந்தது. அந்தக் கவரில் எண் போட்டதற்கும் வரிக்கும் தொடர்பில்லை. அப்போது அந்த விவசாயிக்கு வருமான வரியே கிடையாது.

பெரிய தொகைகளும் அப்படியே. அதே ஸ்கடர் குடும்பத்து டாக்டர் ஐடா படிப்பை முடித்து இந்தியாவுக்குத் திரும்புமுன், வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட நியூயார்க்கில் பணம் கேட்டு அலைந்தார். எட்டாயிரம் டாலர் வேண்டும் என்று ஒரு வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட ராபர்ட் ஷெல் என்ற முதிய வங்கியாளர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் கொடுத்தார். 1902-ல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அந்தப் பணத்தில் எழுந்தது. அந்தப் பத்தாயிரத்துக்காக ஷெல்லுக்கு ஒரு சென்ட் வரி குறையவில்லை, ஏனென்றால் அன்று நாட்டில் வருமான வரி நடப்பில் இல்லை.

1913-ல் அரசியல் சாசனத்தின் 16-ஆம் திருத்தம் நிறைவேறியது. அந்த அக்டோபரில் வரி வந்தது. 3,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு ஒரு சதவீதம். மிகப் பெரிய வருமானங்களுக்கு ஏழு. கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு கோடு விழுந்தது அன்றுதான். நான்கே வருஷத்தில் உலகப் போர் வந்து, 1917 அக்டோபர் 3-ஆம் தேதிச் சட்டம் உச்ச வரியை 67 சதவீதமாக்கியது. நியூ ஹாம்ப்ஷயரின் செனட்டர் ஹென்றி ஹாலிஸ் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பணக்காரர் கல்லூரிக்கும் ஆலயத்துக்கும் மருத்துவமனைக்கும் கொடுப்பது தம் தேவை போக மிஞ்சியதிலிருந்து. மிஞ்சியதை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டால் முதலில் நிற்பது அந்தக் கொடைதான். இதுதான் அவர் வாதம். சமய, அறநிலைய, அறிவியல், கல்வி நிறுவனங்களுக்குக் கொடுப்பதை, நிகர வருமானத்தில் 15 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் ஆயிற்று. ஆண்டுக் கடைசிக் காணிக்கையின் வேர் இந்த ஒரு திருத்தம். போர் முடிந்தது, திருத்தம் நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது.

அந்த 15 சதவீத வரம்பு ஒரு கன்னியாஸ்திரீயை எப்படிப் பிடித்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிலடெல்பியாவின் பெரும் வங்கியாளர் பிரான்சிஸ் டிரெக்செல் 1885-ல் இறந்தார். சொத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அறப்பணிகளுக்குப் போக, மிச்சத்தை அறக்கட்டளையில் வைத்து, வருமானம் மட்டும் மூன்று மகள்களுக்கு என்று எழுதிவைத்திருந்தார். இரண்டாவது மகள் கேத்ரின் துறவு பூண்டு, 1891-ல் தாமே ஒரு சபையைத் தொடங்கினார். பூர்வகுடிகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் பள்ளி நடத்துவதே அதன் வேலை. நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகம் அவர் தொடங்கியது. வறுமை விரதம் எடுத்தவர். தமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை; தந்தையின் அறக்கட்டளையிலிருந்து வந்த அத்தனையும் அந்தப் பள்ளிகளுக்கே போனது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அவருடைய வருமானம். அதில் 15 சதவீதம் போக மீதிக்கு அவர் கோடீஸ்வரருக்குரிய வரியைக் கட்ட வேண்டும். வரியாகப் போன ஒவ்வொரு டாலரும் ஏதோ ஒரு பள்ளியின் கரும்பலகை, ஏதோ ஓர் ஆசிரியையின் சம்பளம்.

1924-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு விதி சேர்த்தது. முந்தைய பத்து வருஷங்களில் ஒவ்வொரு வருஷமும் கொடையும் வரியும் சேர்ந்து வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அவருக்கு வரம்பே கிடையாது. வரி வட்டாரத்தில் அதற்கு இன்றுவரை 'பிலடெல்பியா கன்னியாஸ்திரீ விதி' என்றே பெயர். ஒரு பெண்ணின் வறுமை விரதத்துக்காக ஒரு நாட்டின் வரிச் சட்டம் திருத்தப்பட்டது என்பதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் 1955 மார்ச் 3-ல் இறந்தார். பிள்ளைகள் இல்லை, சகோதரிகள் முன்பே போய்விட்டார்கள். தந்தையின் உயிலின்படி மூலதனம் அதில் பேர் எழுதியிருந்த அறப்பணிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உயில் எழுதிய காலத்தில் கேத்ரினின் சபை பிறக்கவேயில்லை. ஆகவே அதற்கு ஒன்றும் வரவில்லை. 2000 அக்டோபர் 1-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவருக்காகத் திறந்த கதவு வழியாக வேறு மாதிரி ஆட்களும் வந்தார்கள். 1969 ஜனவரியில் கருவூலச் செயலர் ஜோசப் பார், வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் காட்டிய 155 பேர் ஒரு சென்ட் வருமான வரியும் கட்டவில்லை என்று காங்கிரஸில் சொன்னார். நாடு கொதித்தது. அவர்களில் பலருக்குக் கைகொடுத்தவற்றில் இந்த விதியும் ஒன்று. அந்த வருஷச் சட்டம் அதைப் படிப்படியாகக் குறைத்து 1975-க்குள் இல்லாமல் ஆக்கியது. அதே கையோடு, ஆலயம் போன்ற பொது அமைப்புகளுக்கான பொது வரம்பை வருமானத்தில் பாதியாக உயர்த்தியது. 1954-லேயே ஆலயத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தனியாகப் பத்து சதவீதம் கூட்டித் தந்திருந்தார்கள். 1970-ல் பழைய இருக்கை வாடகையும் காணிக்கையாகவே கொள்ளப்படும் என்று வரித்துறை எழுத்தில் சொன்னது.

ஆனால் இத்தனையும் யாருக்காக? எனக்கு உறுத்துவது 1944. இரண்டாம் உலகப் போரில் வருமான வரி சாதாரணத் தொழிலாளி வரை இறங்கிவிட்டது. கோடிக்கணக்கானோர் ஒவ்வொரு செலவையும் எழுதி நிரூபிக்க முடியாது என்று 'நிலையான கழிவு' கொண்டுவந்தார்கள்: வருமானத்தில் பத்து சதவீதம், 500 டாலருக்கு மேற்படாமல், கேள்வியில்லாமல் கழித்துக்கொள்ளலாம். கொடுத்தவருக்கும் அது உண்டு, கொடுக்காதவருக்கும் உண்டு. காணிக்கை விழாது என்று சபைகள் பயந்தன. காணிக்கை நிற்கவில்லை. அன்று முதல் ஆலயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு வகையானார்கள். காணிக்கையைக் கணக்கில் எழுதினால் பயன் பெறுகிறவர்கள் ஒரு வகை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றே என்பவர்கள் இன்னொரு வகை. கவரும் பையும் இரு வகையாருக்கும் ஒன்றுதான்.

முதல் வகையாருக்கு இன்று வழிகள் பல. டிசம்பரில் அவர்களிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசிகளே அதற்குச் சாட்சி. விலை ஏறிய பங்குகளை விற்றுப் பணமாகத் தராதீர்கள், பங்காகவே தாருங்கள் என்று சொல்லுவேன். ஆயிரத்துக்கு வாங்கியது பத்தாயிரமாகியிருந்தால், விற்பவர் ஒன்பதாயிரம் லாபத்துக்கு 15 சதவீதம் என்றால் 1,350 வரி கட்டிவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். பங்காகச் சபையின் கணக்குக்கு மாற்றினால் அந்த வரி யாருக்கும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தவர் பத்தாயிரம் முழுவதையும் கொடையாகக் கணக்கில் எழுதலாம். செக்கைத் தபாலில் சேர்த்த நாளே கொடுத்த நாள்; டிசம்பர் 31 முத்திரை இருந்தால் ஜனவரி 4-ல் வந்தாலும் பழைய வருஷம்தான். கடன் அட்டையில் கொடுத்தால் அட்டையில் ஏறிய நாள். பங்கு மட்டும் சபையின் கணக்கில் வந்து உட்கார வேண்டும். இது தெரியாமல் ஒருவர் 30-ஆம் தேதி மாலை கையெழுத்துப் போட்டுவிட்டு, பங்கு புது வருஷத்தில் வந்து சேர்ந்ததைக் கண்டு மிகவும் வருந்தினார்.

வேறு சிலர் ஒரே வருஷத்தில் பெருந்தொகையை ஒரு கொடை நிதியில் போட்டுக் கழிவு வாங்கிக்கொண்டு, அதிலிருந்து வருஷா வருஷம் சபைக்கு அனுப்பச் சொல்வார்கள். நியூயார்க் சமூக அறக்கட்டளை 1931-ல் தொடங்கிய முறை இது. ஃபிடலிட்டி நிதி நிறுவனம் 1991-ல் இதற்கென்றே ஓர் அறநிறுவனம் வைத்த பிறகு நடுத்தர வீடுகளுக்கும் வந்துவிட்டது. எழுபதரை வயது தாண்டியவர்களுக்கு 2006 முதல் இன்னொரு வழி: ஐ.ஆர்.ஏ. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து நேரே ஆலயத்துக்கு அனுப்பினால், அது அவர்கள் வருமானத்திலேயே சேராது. வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரை என்று தொடங்கி, 2025-ல் 1,08,000. இதில் எனக்குப் பிடித்த செய்தி, நிலையான கழிவு எடுப்பவருக்கும் இது பயன்படும் என்பது. ஆனால் 2015 வரை இந்தச் சலுகை அடிக்கடி காலாவதியாகி, பல தடவை வருஷக் கடைசிக்குப் பிறகே உயிர் பெற்றது. 2013 ஜனவரி 2-ல் கையெழுத்தான சட்டம், அந்த ஜனவரியில் கொடுப்பதை 2012 டிசம்பரில் கொடுத்ததாக எண்ணிக்கொள்ளலாம் என்றது. பன்னிரண்டு மணிக் கோட்டைச் சட்டம் தேவைப்பட்டால் நகர்த்தும்.

அது நகர்ந்த ஒரு தடவையை நான் என் வாழ்நாளில் மறக்க முடியாது.

2004 கிறிஸ்துமஸ் இரவு. விருந்தாளிகள் போய், பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தேன். நடுராத்திரி வாக்கில் சென்னையிலிருந்து தங்கை கூப்பிட்டாள். கடல் உள்ளே வந்துவிட்டது என்றாள். எனக்கு அந்த வாக்கியம் விளங்கவில்லை. மறுநாள் ஞாயிறு. பிற்பகல் ஆராதனைக்கு வந்தபோது மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று பின்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டாரிடம் பேச முடியவில்லை. நாகப்பட்டினம், கடலூர், குளச்சல், வேளாங்கண்ணி என்று பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் கடற்கரையில் நின்றிருந்த நேரம் அது. அன்று ஐயர் பிரசங்கம் செய்யவில்லை, ஜெபம் மட்டும் செய்தார்.

அன்றே பை சுற்றினோம். 31-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு மறுபடியும். ஆனால் ஐந்து நாளில் ஒரு மனிதரால் எவ்வளவு திரட்ட முடியும்? டிசம்பர் சம்பளம் பண்டிகையில் செலவாகியிருந்தது. ஜனவரி 2-ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில்தான் பெரிய தொகைகள் வந்தன. ஒரு பெண் இரண்டு வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டார். ஜனவரி 7-ஆம் தேதி அதிபர் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். புதிதாகக் கூடிய 109-ஆவது காங்கிரஸ் நிறைவேற்றிய முதல் சட்டம் அதுதான். சுனாமி நிவாரணத்துக்கு 2005 ஜனவரி முழுவதும் கொடுக்கும் பணத்தை, விரும்பினால் 2004 கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம். அந்த ஒரு மாதத்துக்கு, எங்கள் கடற்கரைக்காக, வருஷம் முடியாமல் காத்திருந்தது. ஐந்து வருஷம் கழித்து ஹைட்டி நிலநடுக்கத்துக்கும் இதே மாதிரி செய்தார்கள்.

ரசீது எழுதும்போது தனிக் கட்டம் போட்டு, 'இந்தியப் பெருங்கடல் சுனாமி நிவாரணம், ஜனவரி 2005' என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். சட்டம் பணத்தைத்தான் சொன்னது. வளையல்களை அதில் எழுத முடியவில்லை. நாகப்பட்டினத்தில் உடன்பிறந்தாரை இழந்த ஒருவர், தம் சேமிப்பு முழுவதையும் நேரே ஊருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்து கேட்டார். அமெரிக்காவில் சட்டப்படி தகுதி பெற்ற அமைப்பின் வழியாகப் போனால்தான் கழிவு உண்டு, உறவினருக்கு அனுப்பியது சேராது என்று சொல்ல வேண்டியிருந்தது. "பரவாயில்லக்கா, சும்மாதான் கேட்டேன்" என்றார். இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அதைவிடக் கஷ்டமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ரசீதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1993-ஆம் வருஷச் சட்டப்படி, 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கொடுத்தால், ஆலயம் எழுத்தில் ஒப்புக்கொண்ட ரசீது வேண்டும். அதில் கொடுத்தவருக்குப் பதிலாக ஏதும் தரப்பட்டதா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆலயங்களுக்கென்று சட்டமே ஒரு சொற்றொடர் தருகிறது. தமிழில் சொன்னால், 'தொட்டறிய முடியாத ஆன்மிக நன்மைகளைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லை.' ஜெபம், பிரசங்கம், இராப்போஜனம், ஆறுதல் எல்லாம் அந்தச் சொற்றொடருக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு விலை போட மாட்டோம் என்று வரித்துறை ஒப்புக்கொள்ளும் இடம் அது. எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும்.

முதல் வருஷம் அதையே நான் விட்டுவிட்டேன். தேதியும் தொகையும் கையெழுத்தும் போட்டு எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. பிப்ரவரியில் ஒருநாள் அலுவலகத்தில் வேறு யாருடைய ரசீதையோ பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. அன்றிரவே உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப அச்சடித்து, ஞாயிறன்று ஒவ்வொருவரிடமும் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்தேன். பயம் வீண்போகவில்லை. 2012-ல் தீர்ப்பான ஒரு வழக்கில், டெக்சாஸில் ஒரு தம்பதி தங்கள் ஆலயத்துக்கு 2007-ல் இருபத்திரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்ததற்குச் செக்குகள் இருந்தன, ஆலயத்தின் கடிதமும் இருந்தது. அந்த ஒரு வாக்கியம் இல்லை. பிறகு திருத்தி வாங்கிய கடிதம் காலம் தாழ்ந்தது என்று நீதிமன்றம் கழிவை மறுத்துவிட்டது. அவர்கள் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பொருளாளராக இருக்கும் யாராவது இதைப் படித்தால், அந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

2017 டிசம்பரில் வந்த சட்டம் தம்பதியருக்கான நிலையான கழிவை 12,700-லிருந்து ஒரேயடியாக 24,000 ஆக்கியது. அதற்கு முன் வரி கட்டுகிறவர்களில் பத்தில் மூன்று பேர் செலவுகளை எழுதிக் கழித்தார்கள். பிறகு பத்தில் ஒருவர். இரண்டு வருஷக் காணிக்கையை ஒரே டிசம்பரில் சேர்த்துக் கொடுத்து, மறு வருஷம் நிலையான கழிவு எடுக்கும் வழக்கம் அப்போதுதான் எங்கள் சபைக்கும் வந்தது. 2025 ஜூலையில் மறுபடியும் மாற்றினார்கள். 2026 முதல், எழுதிக் கழிக்காதவர்களும் ஆயிரம் டாலர் வரை, தம்பதியானால் இரண்டாயிரம் வரை, பணமாகக் கொடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். எண்பதுகளில் சில வருஷங்களிலும் கொரோனா காலத்திலும் இப்படி ஒன்று வந்து போனது. இது போகாது என்கிறார்கள். சிறு காணிக்கைக்கும் சட்டத்தில் இடம் கிடைத்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சி.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். முதியோர் இல்லத்தில் பல வருஷம் உதவியாளராக வேலை பார்த்தவர். இப்போது சொற்பப் பென்ஷன். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாததால், 1917 முதல் 2025 வரை வந்த எந்தச் சட்டமும் அவரைத் தொட்டதில்லை. வாரம் இருபது டாலர், கவர் எண் 17, ஒரு ஞாயிறும் தவறாது. ஜனவரியில் அவருக்கும் ரசீது எழுதுவேன், அந்த வாக்கியத்தோடு. வாங்கி, மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்.

வருஷக் கடைசி ஆராதனையில் மட்டும் பதினொன்றரைக்குப் பை அவர் முன்னால் வரும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். 2003-லேயே நான் கவனித்தேன். அன்று எல்லாரும் கேக் சாப்பிட அடுத்த அறைக்குப் போன பிறகு என்னிடம் வந்து, கவரைக் கையில் வைத்தார்.

"பதினொன்றரைக்கே போட்டிருக்கலாமே பாட்டி?"

"அது போன வருஷத்துக் காசு இல்லம்மா. இது முதல் காசு."

போன டிசம்பர் 31-லும் அதே. இருபது டாலர் நோட்டு புதிதாக இருந்தது. வங்கியில் கேட்டு வாங்கியிருப்பார். புதிய சட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கி, அவருக்கு அது தேவைப்படாது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். பதினொன்றரைக்கு எடுத்த பணத்தை எண்ணி, கட்டி, பழைய பேரேட்டில் கடைசி வரியாக எழுதி மூடியிருந்தேன். புதுப் பேரேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். ஜனவரி 1, 2026. கவர் 17. இருபது டாலர்.